கத்தாத பிரேக்

பிரேக் சத்தம் கேட்கவே இல்லை.

'ஐயோ...' என்ற அலறல் மட்டும்தான் கேட்டது!

அடுத்த நொடி... டமார்!

முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு வரும் சாலையில், புளியமரத்து வளைவில், ஒரு கரும்பு லாரி பஞ்சராகி நின்றிருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பாதி நுழைந்திருந்தது. அதை ஓட்டி வந்தவன்...

வேண்டாம். இரக்கமுள்ளவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.

பெட்ரோல் டேங்க் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூட்டை மட்டும் சாலையோரப் புல்லில் போய் விழுந்திருந்தது. உள்ளே, அன்று காலையில்தான் தறியிலிருந்து அறுத்த பட்டுப் புடவைகள்.

ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை!

சாலையோரம் வேர்க்கடலை விற்கும் சின்னபொண்ணு கூடையைப் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ... சம்பந்தம் மொதலாளி புள்ளைடா இது! வேணுகோபாலு! நூலு குடுத்துட்டு, பொடவ வாங்கிகினு போக வாராவாரம் வருமேடா!"

லாரி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். "எம்மேல தப்பில்லம்மா! நின்னுகினு இருந்த வண்டி மேல வந்து வுழுந்தா நான் இன்னா பண்றது?"

"உன்னை யாருய்யா சொன்னா? நான் பாத்துகினேதான் இருந்தேன். அந்தப் புள்ள காலால பிரேக்க மிதி மிதின்னு மிதிச்சுது. வண்டிதான் நிக்கவே இல்ல!"

மிதித்தான். நிற்கவில்லை.

மதியத்துக்குள் இது ஆரணி முழுக்கப் பரவியது.

சாயங்காலத்துக்குள் ஒரு கொலைகாரனும் கிடைத்துவிட்டான்!

*

"கொலைகாரப் பாவி! உன்னைத் தூக்குல போடணும்டா!"

பளார்!

போலீஸ் ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் சம்பந்தம் அறைந்தார். பட்டு வியாபாரி. ஊரில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். இன்று அவர் குரல் உடைந்து, தெருவரைக்கும் கேட்டது.

அறை வாங்கியவன் தருமன். மெக்கானிக். தேசூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நடும் குடும்பத்தில் பிறந்தவன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மெல்லத் தலை நிமிர்ந்து கொண்டிருந்தவன்.

"மொதலாளி, உக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார் சப்-இன்ஸ்பெக்டர் ஜெயச்சந்திரன். தருமன் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை அந்த வண்டிக்குப் பின் பிரேக் வேல பாத்தது யாரு?"

"நான்தாங்க."

"இன்னா பண்ணே?"

"பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்துச்சுங்க. புது லைனிங் ஒட்டின கட்டை மாட்டினேன். டிரம்ம உப்புத்தாள் போட்டுத் தேச்சு, துடைச்சு, ஓட்டிப் பாத்துத்தாங்க குடுத்தேன்."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு உன் கடைக்கு வந்தான்?"

"பிரேக் போட்டா கீச்சுன்னு கத்துதுன்னு வந்தாருங்க. புதுக் கட்டை அப்படித்தான் கத்தும், டிரம்முல படிஞ்சா நின்னுடும், கொஞ்சம் பொறுங்கன்னேன்."

"அப்புறம்?"

தருமன் தலை குனிந்தான்.

"அப்புறம் செருப்பால அடிச்சான்! ஏன் அடிச்சான்?"

பதில் எல்லோருக்கும் தெரியும். வேணுகோபால் கடைக்குப் போன நேரத்தில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் அவன் தங்கை கற்பகம் நின்றிருந்தாள்!

"அடி வாங்கிகினு நீ இன்னா சொன்னே? நான் சொல்லட்டுமா? 'இந்த அடிக்கு ஒரு நாள் நீ பதில் சொல்லுவே'ன்னே! டீக்கடையே கேட்டுகினு இருந்துச்சுடா! மறுநாள் அவன் பொணம்!"

"கோவத்துல சொன்னேங்க... சத்தியமா..."

"அவர் செஞ்சிருக்க மாட்டாருங்க!"

வாசலில் ஒரு பெண் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கற்பகம்! அழுது வீங்கிய கண்கள். அவிழ்ந்த கூந்தல். சாவு வீட்டிலிருந்து தெருவோடு தனியாக நடந்தே வந்திருந்தாள். பின்னால் பாதித் தெரு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருந்தது.

சம்பந்தம் எழுந்தார். "கற்பகம்! மானத்த வாங்காதே. வூட்டுக்குப் போ!"

"போறேன்ப்பா. அண்ணன் போயிடுச்சு. சந்தேகத்துல இன்னொரு உசுரையும் எடுத்துடாதீங்க. அவ்ளோதான்." சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கை கூப்பினாள். "சார், அவரு ஒரு நட்டு சரியா இறங்கலைன்னாகூட சோறு திங்க மாட்டாரு. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் தருமனைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையை அவன் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

பாவம்... ஒரு நாள்கூட அவனால் அதைப் பத்திரமாக வைத்திருக்க முடியவில்லை!

*

மறுநாள் காலை. வேலூரிலிருந்து பொன்னுசாமி வந்து இறங்கினார்.

அரசாங்கப் பலகையில் 'மோட்டார் வாகன ஆய்வாளர்'. ஜனங்களுக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்'! வாயில் எப்போதும் ஒரு கமர்கட்டு. தொப்பை அவருக்கு முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கியது.

"இன்னா சார் உங்க ஜீப்பு இந்தக் கத்து கத்துது?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள் காத்தவராயன், காதைப் பொத்திக்கொண்டு.

"கவர்மெண்டு வண்டிய்யா. சம்பளம் பத்தலைன்னு கத்துது. பொணம் விழுந்த வண்டி எங்க?"

ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள் கிடந்தது. முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. தருமனைக் கைவிலங்கோடு கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்.

"முன் பிரேக்குக்கு ஒயரே காணோமேய்யா?"

"செத்தவரே கழட்டிட்டாராம் சார். முன் பிரேக் புடிச்சா ஆளைக் குப்புறக் கவுத்துடும்னு."

"ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான். கம்பெனிக்காரன் ரெண்டு பிரேக் குடுத்தா, ஒண்ணு போதும்னு கழட்டிடுறானுங்க. சரி, ஸ்டாண்டு போடு. சக்கரத்தச் சுத்து."

காத்தவராயன் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பொன்னுசாமி பிரேக் பெடலைக் கையால் அழுத்தினார்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது!

"ஆ! ராடு அறுந்துடுச்சா சார்?"

"அறுந்தா பெடல் தொபுக்கடீர்னு கீழ போயிடும்யா. இது கெட்டியா நிக்குது பாரு. ராடு இழுக்குது. நட்டு இறுக்கமா கீது. டிரம் ஓரத்துல இருக்குற லீவரும் திரும்புது. வெளிய எல்லாம் ஒழுங்கு. அப்போ வியாதி உள்ளதான்!"

ஸ்பேனர் சுழன்றது. அச்சு உருவப்பட்டது. சக்கரம் தனியாக வந்தது. டிரம்முக்குள் எதிரெதிராக இரண்டு பிரேக் கட்டைகள், பிறை நிலா மாதிரி. புத்தம் புதியவை.

ஆனால்... பளபளவென்று மின்னின!

பொன்னுசாமி விரலால் தடவினார். வழுக்கியது.

"எண்ணெய்!"

ஜெயச்சந்திரன் குனிந்தார். "எண்ணெயா?"

"குளிக்கிற அளவுக்கு ஊத்தியிருக்கான். பிரேக்குன்றது என்ன சார்? கட்டை டிரம்மக் கவ்விப் புடிக்கணும். எண்ணெய் பட்டா எப்படிக் கவ்வும்? மொத நாலு தரம் கொஞ்சம் புடிச்சிருக்கும். சூடாக ஆக உள்ள ஊறி, எல்லா இடமும் பரவி... அப்புறம் மிதிச்சா, ஈரப் பாசி மேல மிதிச்ச மாதிரிதான்!"

"பேரிங் கிரீஸ் ஒழுகியிருக்குமா?"

"கிரீஸ் கெட்டியா இருக்கும். செயின் ஆயிலு கரேல்னு இருக்கும். இது..." மூக்கருகே கொண்டு போனார். முகம் சுருங்கியது. "விளக்கெண்ணெய்! கூடக் கொஞ்சம் கிருஷ்ணாயில். எந்த மெக்கானிக்குய்யா விளக்கெண்ணெய் வெச்சிருப்பான்?"

அந்தக் காற்றில் அந்த வாசனை தருமனையும் வந்து தொட்டது.

அவன் முகம் வெளிறியது!

அந்த வாசனை அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தறிக்கு விடுகிற எண்ணெய் அது. கற்பகத்தின் விரல்களில், அவள் முந்தானையில், எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை!

ஞாயிற்றுக்கிழமை செருப்படி வாங்கிக் கிடந்தபோது, போகிற போக்கில் அவள் விசும்பியதும் இப்போது காதில் விழுந்தது. 'அண்ணன் இருக்கறவரைக்கும் நமக்கு விடிவே இல்ல!'

'அடிப்பாவி... எனக்காகவா?'

"சார்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தாங்க எண்ணெய் ஊத்தினேன். நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க!"

"பாத்தீங்களா பொன்னுசாமி சார்!" ஜெயச்சந்திரன் தொடையைத் தட்டினார். "நேத்து முழுக்க 'இல்ல இல்ல'ன்னான்! கேஸ் முடிஞ்சுது!"

பொன்னுசாமி கமர்கட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"எப்பய்யா ஊத்தினே?"

"சனிக்கிழமைங்க. கட்டை மாட்டும்போதே ஊத்திட்டேன்."

"அப்புறம் வண்டிய நீ தொட்டியா?"

"தொடலைங்க. ஞாயித்துக்கிழமை வந்தாரு... அடிச்சாரு... போயிட்டாரு."

"ஞாயித்துக்கிழமை அவரு எதுக்கு வந்தாரு?"

"பிரேக் கத்துதுன்னு..."

சொல்லிவிட்டுத் தருமன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்னுசாமி சிரித்தார். சந்தோஷமில்லாத சிரிப்பு.

"கேட்டீங்களா எஸ்.ஐ. சார்? எண்ணெய் குடிச்ச கட்டை கத்தாது! காஞ்ச கட்டைதான் கத்தும். ஞாயித்துக்கிழமை அது கத்துச்சுன்னா, அதுவரைக்கும் உள்ள ஒரு சொட்டு எண்ணெய் இல்லன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் எவனோ ஊத்தியிருக்கான். இவன் பொய் சொல்றான்!"

காத்தவராயன் பக்கம் திரும்பினார் பொன்னுசாமி. "அதுக்கப்புறம் வண்டி எங்க இருந்துச்சு?"

"சம்பந்தம் மொதலாளி வூட்டு நடையில சார்" என்றார் காத்தவராயன்.

"அந்த வூட்ல யார் யாரு?"

"அம்மா இல்லாத வூடுங்க. மொதலாளி, செத்துப் போன புள்ள, அப்புறம்..."



"அப்புறம் அந்தப் பொண்ணு!" என்றார் ஜெயச்சந்திரன்.

"இல்லீங்க!" தருமன் மண்ணில் விழுந்தான். "அவ இல்லீங்க! நான்தான்! என்னத் தூக்குல போடுங்க சார்! அவளை விட்டுடுங்க!"

"ஏட்டு, ஜீப்பை எடு! இவனையும் ஏத்து!"

*

சம்பந்தம் வீட்டெதிரே ஜீப் கீச்ச்ச்சென்று கத்திக்கொண்டு நின்றது.

வாசலில் சாவுக் களை. உள்ளே தறிகள் வேட்டியால் மூடப்பட்டிருந்தன. சுவரோரம் வேணுகோபாலின் படம், அதன் முன் விளக்கு.

பொன்னுசாமி தெருக்கதவைத் தள்ளினார். தேக்குக் கதவு. யானை மாதிரி கனம். ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது!

அவர் புருவம் ஏறியது.

கொல்லையில் காத்தவராயன் தாகத்துக்குத் தண்ணீர் இறைத்தார். கிணற்று ராட்டினம் பூனை மாதிரி சுழன்றது. சத்தமில்லை!

'இந்த வீட்ல ஒண்ணுமே கத்தலையே...' என்று முணுமுணுத்தார் பொன்னுசாமி.

ஜெயச்சந்திரன் நேராகக் கற்பகத்தின் முன் போய் நின்றார்.

"வண்டி பிரேக்ல எண்ணெய் ஊத்தினது நீதானேம்மா?"

கற்பகம் விழித்தாள். "எண்ணெயா? நானா?"

"மறைக்காதே. உன்னைக் காப்பாத்தணும்னு அந்த தருமன் பழிய தன் தலைல போட்டுகினான். நான்தான் கொன்னேன்னு வாக்குமூலம் குடுத்துட்டான்!"

"அவரா? எதுக்கு?"

"எதுக்கா? நீதான் அண்ணனை முடிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரியும்!"

அந்த வார்த்தை அவள் மேல் மெதுவாகத்தான் இறங்கியது. கண்ணீர் நின்றுபோயிற்று. ஜீப்பில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவனை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"நான்தான் பண்ணேன்னு... அவரு நம்பிட்டாரா?"

யாரும் பதில் சொல்லுமுன் சம்பந்தம் குறுக்கே வந்தார்.

"இன்னா சார் பேசறீங்க? எம் பொண்ணா? ரத்த சம்பந்தம் சார்! அதுவும் எண்ணெய் ஊத்தினான்னு கேக்கறீங்க. எண்ணெய் ஊத்தினா இன்னா சார் ஆவும்? எண்ணெய் நல்லதுதானே?"

பொன்னுசாமி கமர்கட்டைத் துப்பினார்.

"மொதலாளி... இந்த வூட்ல எண்ணெய் விடுறது யாரு?"

"நான்தான். பொம்பளைங்க கைல குடுவையக் குடுக்க மாட்டேன். பட்டு மேல சொட்டிச்சுன்னா போச்சு. காலைல எழுந்ததும் மொத வேல எனக்கு அதான். தறி, கதவு, ராட்டினம்... கத்துறது பசியில கத்துது, கொஞ்சம் எண்ணெய் குடுறான்னு எங்கப்பா சொல்லுவாரு. விளக்கெண்ணெய்ல துளி கிருஷ்ணாயில் கலந்து விட்டா எப்பேர்ப்பட்ட கத்தலும் அடங்கிடும்."

"உங்க புள்ள வண்டி கத்துச்சே... அதுக்கு?"

"அதுக்கும் நான்தான்!" சம்பந்தத்தின் குரலில் ஒரு தகப்பனின் பெருமை வந்தது. "ஞாயித்துக்கிழமை பூரா 'கத்துது, பேஜாரா கீது'ன்னு நொந்துகினே படுத்தான் சார். மனசு கேக்கல. விடிஞ்சதும் குடுவை மூக்க அந்த சக்கரத்துச் சந்துல வுட்டு, தறிக்கு ஊத்துறதவிடத் தாராளமாவே ஊத்தினேன். அவன் ஓட்டிப் பாத்துட்டு, 'சத்தமே இல்லப்பா'ன்னு சிரிச்சுகினே..."

நிறுத்தினார்.

பொன்னுசாமியின் முகத்தைப் பார்த்தார். ஜெயச்சந்திரனைப் பார்த்தார். மகன் படத்தைப் பார்த்தார்.

"சிரிச்சுகினே... போனான்..."

பொன்னுசாமி அவர் தோளைத் தொட்டார்.

"உலகத்துல எல்லாம் எண்ணெய்லதான் மொதலாளி ஓடும். பிரேக்கு மட்டும்தான் எண்ணெய் இல்லாம நிக்கும்."

"ஐயோ...!"

புளியமரத்து வளைவில் கேட்ட அதே அலறல்! அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே குரல்!

சம்பந்தம் சரிந்து உட்கார்ந்தார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

"விலங்கு போடுங்க சார். எம் புள்ளையக் கொன்னவனைத் தூக்குல போடணும்னு நான்தானே கத்தினேன்? போடுங்க!"

ஜெயச்சந்திரன் தொப்பியைக் கழற்றினார்.

"எந்தச் சட்டத்துல மொதலாளி போடுறது? புள்ள மேல பாசம் வெச்சதுக்கு செக்‌ஷன் இல்லீங்களே!"

"அப்போ நான் இன்னா சார் பண்றது? எங்க போயி இதக் கழிக்கிறது?"

மகன் படத்துப் பக்கம் போய், சுவரில் தலையை முட்டினார். 

*

விலங்கு கழற்றப்பட்டது. தருமன் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தான்.

"கற்பகம்!"

வாசற்படியில் அவள் நின்றிருந்தாள். கதவில் ஒரு கை.

"கற்பகம், எல்லாம் தெரிஞ்சு போச்சு! என்னை விட்டுட்டாங்க!"

"கேள்விப்பட்டேன்."

"உனக்காக உசுரக் குடுக்கவே துணிஞ்சேன்..."

"கொலைகாரிக்காகத் துணிஞ்சீங்க. எனக்காக இல்ல."

அவன் ஒரு படி ஏறினான்.

"ஊரே உங்களைக் கொலைகாரன்னு சொல்லிச்சு. கொள்ளி வெக்கிற நேரத்துல எங்கப்பாவ எதிர்த்துகினு, தெருவே சிரிக்க ஸ்டேஷனுக்கு வந்தேன். அவரு செஞ்சிருக்க மாட்டாருன்னு சொன்னேன். ஒரு நிமிஷம்கூட எனக்கு சந்தேகம் வரல." அவள் குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க எண்ணெய்ன்னு தெரிஞ்சதும் நம்பிட்டீங்க."

"அன்னிக்கு நீதானே சொன்னே... அண்ணன் இருக்கறவரைக்கும் விடிவே இல்லன்னு..."

"அழுதுகினே சொன்னேன். அண்ணனை அப்படித் திட்டாத தங்கச்சி எந்த ஊர்ல இருக்கா?"

"கற்பகம்... தப்புதான். மன்னிச்சுடு."

"உள்ள எங்கப்பா சுவத்துல தலைய முட்டிகினு இருக்காரு. இனிமே அவரைத்தான் நான் பாக்கணும். நீங்க போங்க."

கதவை மூடினாள்.

அவ்வளவு பெரிய தேக்குக் கதவு... சத்தமே போடாமல் மூடிக்கொண்டது.

தருமன் அங்கேயே நின்றான். வெயில் ஏறியது. யாரும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். தகரக் கொட்டகையை அன்றே பூட்டினான். அதன் பிறகு ஆரணியில் அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

பொன்னுசாமி பேசாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். காத்தவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார்.

கீச்ச்ச்ச்!

"ரொம்ப பேஜாரா கத்துது சார்! ஸ்டேஷன் போனதும் நானே ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுடட்டுங்களா?"

பொன்னுசாமி அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா ஏட்டு... எம்மேல உனக்கு அவ்ளோ பாசமா?"